மூன்றாவது தட்டில் மிஞ்சிய குப்பி

மருந்தாளருக்கு நாற்பத்தாறு வயது. அதில் பத்தொன்பது வருடத்தை மருத்துவமனையின் அடித்தளத்து மருந்துக் கிடங்கிலேயே கழித்தவள். ஜன்னல் இல்லாத அறை, கூரையைத் தொடும் அலமாரிகள், எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும் நான்கு குளிர்பெட்டிகள். மருந்துகள் எதிர்க்கேள்வி கேட்காது, வைத்த இடத்தில் இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மல்லுக்கட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால் வீட்டில் கணவனும், மாடியில் நாத்தனாரும் இருக்கவே இருக்கிறார்கள் என்பாள்.

அப்படிப்பட்டவளைப் போன வருடம் மேலே இழுத்துப் போட்டார்கள். ஊரில் தட்டம்மை தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. சின்ன வயதில் ஊசி போட்டதற்கு அத்தாட்சி இல்லாத பெரியவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கு, தடுப்பூசி போடுவதென்று முடிவானது. மருத்துவமனைக்குப் பின்னால் சும்மா கிடந்த கூட்ட அறையை முகாமாக்கினார்கள். ஊசி போட ஆள் போதவில்லை. பார்மசி கல்லூரிக்கோ, மாணவர்களைக் கையைப் பிடித்து வேலை பழக்க ஓர் இடம் தேவைப்பட்டது. இரண்டு தரப்பும் கல்யாணப் பேச்சு மாதிரி உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டன. பெண்ணை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மூணே மூணு மாணவர்கள்தான் மேடம், ஆறே வாரம். ஆளுக்குப் பதினஞ்சு ஊசி, நீங்க பக்கத்துல நின்னு பார்க்க, சரியாப் போட்டாங்கன்னு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது" என்றார் கல்லூரி எழுத்தர் போனில், ஏதோ மூன்று பூந்தொட்டியைக் கொண்டுவந்து வைப்பதுபோல.

வந்த மூவருக்கும் முதல் நாளே மனசுக்குள் பெயர் வைத்துவிட்டாள். வகுப்பில் முதலாவதாக வரும் பெண்ணுக்குப் 'புத்தகம்'. எதைக் கேட்டாலும் பக்க எண்ணோடு சொல்வாள். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கையைத் தொடச் சொன்னால் சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோலத் தொடுவாள். இரண்டாமவன் 'நெட்டை'. நிலைப்படியில் குனிந்து வருபவன், ரத்தத்தைக் கண்டால் இன்னும் குனிந்து தரையோடு தரையாகிவிடுவான். மூன்றாமவன் எதற்கும் "சரிங்க மேடம்" என்பான். புரிந்தாலும் சரிங்க மேடம், புரியாவிட்டாலும் சரிங்க மேடம். அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது.

முதல் வாரம் முழுக்க ரப்பரால் செய்த தோளில் குத்திப் பழகினார்கள். அந்தத் தோள் வாயிருந்தால் அழுதிருக்கும். இரண்டாம் வாரம் மனிதர்கள். நெட்டை ஊசியைக் கையில் எடுத்தவுடன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏம்ப்பா, கண்ணை மூட வேண்டியது அவரு. நீ இல்லை."

"தெரியும் மேடம். தானா மூடிக்குது."

"தானா மூடிக்க அது என்ன கடைக் கதவா? திற!"

முகாமை நடத்திய தலைமை நர்ஸ் இதையெல்லாம் தேநீர்க் கோப்பையோடு சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். முப்பது வருடம் ஊசி போட்ட கை அவருடையது. எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். "கத்தாதீங்க. நீங்க கத்துற கத்துல வெளியில வரிசையில நிக்கிறவங்க பாதிப்பேர் வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றார் ஒருநாள். உண்மையாகவே இரண்டு பேர் போயிருந்தார்கள்.

ஆனால் மருந்தாளர் கத்தியதற்குக் காரணம் இருந்தது. இந்தத் தடுப்பூசி கலந்து வைத்தபடி வருவதில்லை. ஒரு குப்பியில் தூள், இன்னொரு குப்பியில் அதைக் கரைக்கும் தண்ணீர். தண்ணீரை உறிஞ்சி, தூளுக்குள் விட்டு, கரைத்து, மறுபடி உறிஞ்சிப் போட வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு ஜோடி. கரைத்தால் இளமஞ்சளாகிவிடும். கவனம் சிதறினால் வெறும் தண்ணீரையே ஒருவர் தோளில் ஏற்றிவிடலாம். வலிக்கும், பிளாஸ்திரி ஒட்டுவார்கள், அட்டையில் எழுதுவார்கள், பாதுகாப்பு மட்டும் இருக்காது. அதனால் ஊசியை வெளிச்சத்தில் பிடித்து "மஞ்சள்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் குத்த வேண்டும் என்று சட்டம் போட்டாள். ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, "எனக்கு மஞ்சள் காமாலையா?" என்று பதறி எழுந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தவே அரை மணி ஆயிற்று.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒவ்வொரு மேசைக்கும் பத்து ஜோடிக் குப்பிகள் வைத்த தட்டு ஒன்று போகும். தட்டோடு ஒரு சீட்டு. யார் யாருக்குப் போட்டது, எத்தனை மணிக்கு, போட்டவர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். காலிக் குப்பிகளை எறியக் கூடாது. மாலையில் தட்டிலேயே வைத்து எண்ண வேண்டும். சிஸ்டருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "ஊசி போடுற நேரத்தைவிடச் சீட்டு எழுதுற நேரம் அதிகமா இருக்கு" என்று முணுமுணுத்தார். மாணவர்களும் முணுமுணுத்தார்கள், 'சரிங்க மேடம்' தவிர.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை. அன்று குழந்தைகள் காப்பகத்திலிருந்து மொத்தமாக ஆட்களை அனுப்பிவிட்டார்கள். வரிசை வாசலைத் தாண்டி, சைக்கிள் நிறுத்தும் இடத்தையும் தாண்டிப் போனது. மூன்று மேசை. முதல் மேசையில் புத்தகம், இரண்டாவதில் நெட்டை, மூன்றாவதில் சரிங்க மேடம். அவள் மூன்றுக்கும் நடுவே எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி குதித்துக்கொண்டிருந்தாள். "தோள் எலும்புக்குக் கீழே, இன்னும் கீழே! கழுத்துலயா போடப்போறே?" "பஞ்சு எங்கே? பஞ்சை எடுத்து வச்சுட்டு ஊசியை எடு!" "அவங்ககிட்ட பேசும்மா! பக்க எண் சொல்லாதே, பேரைக் கேளு!"

பதினொன்றே காலுக்கு ஒரு பெரிய ஆள் தோளிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. நெட்டை அதைப் பார்த்தான். அப்படியே நாற்காலியோடு சரிந்தான். சரிங்க மேடமும் சிஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, பின்னால் இருந்த கட்டிலில் படுக்க வைத்தார்கள். கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஊசி போட்டுக்கொண்ட ஆள்தான் பாவம், பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

வரிசை அதற்காக நிற்குமா? மருந்தாளர் இரண்டாவது மேசையில் தானே உட்கார்ந்தாள். புதுத் தட்டு ஒன்றை எடுத்து மளமளவென்று போட ஆரம்பித்தாள். அப்போதுதான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். காப்பகத்தில் சமையல் பார்ப்பவள், அதனால் அவளுக்கும் ஊசி. வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, மாடித் தண்ணிக்குழாய் இன்னும் சொட்டுது. அண்ணன்கிட்ட நாலு நாளாச் சொல்றேன். ஊர் லிப்டையெல்லாம் சரி பண்றாரு, சொந்தத் தங்கச்சி வீட்டுக் குழாயைப் பார்க்க மாட்டாரா?"

"சட்டைக் கையை மேலே ஏத்து. அப்புறம் பேசலாம்."

"ஏத்திட்டேன். நேத்து ராத்திரி பூரா சொட்டு சொட்டு சொட்டு. தூக்கமே இல்லை. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீங்க சொன்னாத்தானே அவரு கேக்குறாரு!"

"நான் சொல்லி எதைக் கேட்டிருக்காரு உங்க அண்ணன்?"

போட்டு முடித்த பிறகும் நாத்தனார் நகரவில்லை. பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொல்வது வழக்கம். அவள் அந்தப் பதினைந்து நிமிடத்தையும் மேசையருகிலேயே நின்று குழாயைப் பற்றிப் பேசிக் கழித்தாள். மருந்தாளர் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே அடுத்தடுத்த ஆட்களுக்குப் போட்டாள். பன்னிரண்டு மணிக்கு நெட்டை எழுந்து வந்தான். அவனிடம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, "இனி விழுந்தா எழுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாலை நான்கு மணிக்கு வாசலைச் சாத்திவிட்டு எண்ண உட்கார்ந்தார்கள். முதல் மேசை சரி. மூன்றாவது மேசையும் சரி. இரண்டாவது மேசையின் மூன்றாவது தட்டில் காலிக் குப்பிகளுக்கு நடுவே ஒரு தூள் குப்பி நிறைந்தபடி நின்றது. மேல்மூடியைத் திறந்திருந்தார்கள், ஆனால் உள்ளிருந்த ரப்பரில் ஊசி நுழைந்த துளையே இல்லை. தண்ணீர்க் குப்பிகள் பத்தும் காலி.

அவள் குப்பியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். யாரோ ஒருவர் வெறும் தண்ணீரைப் போட்டுக்கொண்டு, தனக்கு இனி ஒன்றும் வராது என்று நம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார். அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"இங்கே வா!"

நெட்டை வந்தான்.

"இது என்ன?"

அவன் குனிந்து பார்த்தான். முகம் வெளுத்தது.

"மூணு வாரமாத் தொண்டை கிழியக் கத்துறேன். மஞ்சளான்னு பாரு, மஞ்சளான்னு பாருன்னு. கண்ணைத் திறந்து வச்சிருந்தாத்தானே பார்க்கிறதுக்கு! ஒருத்தர் தோள்ல தண்ணியை ஏத்தி அனுப்பியிருக்கே. அந்த ஆள் நாளைக்கு ஒரு கைக்குழந்தையைத் தூக்குவாரு. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? உனக்கு இந்தப் படிப்பு எதுக்கு? உன் உயரத்துக்குப் பல்பு மாத்தப் போயிருக்கலாம்!"

கடைசி வார்த்தை தேவையில்லாதது. வாயை விட்டுப் போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஆனால் திருப்பி எடுக்க மனசு வரவில்லை.

"நானாத்தான் இருக்கும் மேடம்" என்றான் நெட்டை. "எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா நானாத்தான் இருக்கும்."

புத்தகம் இதற்கிடையில் தட்டுக்கு அடியிலிருந்த சீட்டை உருவி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். எதையும் படிக்காமல் அவளால் இருக்க முடியாது. இரண்டு முறை படித்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"மேடம்."

"நீ சும்மா இரும்மா."

"மேடம், இந்தத் தட்டு ஆரம்பிச்சது பதினொண்ணு இருபதுக்கு. முடிஞ்சது பதினொண்ணு அம்பத்தஞ்சுக்கு. அப்போ இவன் கட்டில்ல படுத்திருந்தான்." அவள் சீட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். "இதுல பத்து இடத்துலயும் உங்க கையெழுத்து மேடம்."

மருந்தாளர் சீட்டை வாங்கினாள். தன் கையெழுத்தே தனக்குத் தெரியாததுபோல வெகுநேரம் பார்த்தாள். அந்த நேரத்தில் தான் ஒரு தடவையாவது ஊசியை வெளிச்சத்தில் பிடித்தோமா, ஒரு தடவையாவது "மஞ்சள்" என்று சொன்னோமா என்று யோசித்துப் பார்த்தாள். குழாய்தான் ஞாபகம் வந்தது. சொட்டு சொட்டு சொட்டு.

அவள் அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் இரண்டு முறை அடித்துக்கொண்டாள். பிறகு நெட்டையைப் பார்த்து, "உன்னைச் சொன்னது தப்பு. பல்பு விஷயமும் தப்பு" என்றாள்.

"பரவாயில்லை மேடம். வீட்டுல பல்பு மாத்துறது நான்தான்" என்றான் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

சிஸ்டர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கேலி பேசுவார் என்று மருந்தாளர் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவர், "டாக்டருக்குப் போன் போடுங்க, நேரமாகுது" என்று மட்டும் சொன்னார். அது கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. யாருக்குத் தண்ணீர் போனது என்று கண்டுபிடிக்க வழியில்லை, அதனால் பத்துப் பேரையும் கூப்பிட்டு மறுபடி போட்டுவிடுங்கள், ஏற்கெனவே மருந்து போனவருக்கு இன்னொன்று போனாலும் கெடுதல் இல்லை என்றார். நடந்ததை அறிக்கையாக எழுதிக் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் அனுப்பச் சொன்னார்.

அன்றே போன் செய்ய ஆரம்பித்தாள். மாணவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னாள், போகவில்லை. சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "நாங்களும் இதைக் கத்துக்கணும்ல மேடம்" என்றாள் புத்தகம். "எங்க புத்தகத்துல இது இல்லை." அவள் வாயால் அப்படி ஒரு வாக்கியம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சிலர் திட்டினார்கள். ஓர் அம்மா, தண்ணீர்தான் என்றால் கை ஏன் இப்படி வலிக்கிறது என்று கேட்டுச் சண்டை போட்டார். ஒரு காவலாளி, "சொன்னீங்களே, அது போதும். நாளைக்கு வர்றேன்" என்றார். நாத்தனாரை விட்டால் மீதி ஒன்பது பேர், அதில் எட்டுப் பேர் கிடைத்துவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் பார்சல் வண்டி ஓட்டுபவர். அவருடைய போன் நம்பரில் கடைசி எண்ணையே காணோம். காலையில் வாசலில் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதியது சரிங்க மேடம்.

"ஏன்டா, எண்ணி எழுத மாட்டியா?"

"சரிங்க மேடம்."

"என்னடா சரி! என்ன சரி இதுல?"

அவன் முதல்முறையாக வேறு ஏதோ சொன்னான். "கடைசி எண் பூஜ்யத்துலேர்ந்து ஒன்பதுக்குள்ளதானே மேடம் இருக்கணும். பத்து போன் போட்டா ஆள் கிடைச்சிடுவார்." சொன்னதோடு நிற்காமல், வெளியே போய் படிக்கட்டில் உட்கார்ந்து வரிசையாகப் போட்டான். மூன்று பேர் வைத்துவிட்டார்கள். ஒரு தாத்தா தன் முட்டிவலியைப் பற்றிக் கால்மணி நேரம் சொன்னார். ஓர் அம்மா, "எனக்கு ஊசியே போடலையேப்பா, நானும் வரலாமா?" என்று கேட்டு மறுநாள் வந்தேவிட்டார். எட்டாவது போனில் பார்சல் வண்டிக்காரர் கிடைத்தார்.

நாத்தனாருக்கு மட்டும் போனில் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குப் போய், கணவனிடம்தான் முதலில் சொன்னாள். அவன் சாவகாசமாகக் காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டான். கடைசியில், "அப்போ தப்பு என்னோடதுதான்" என்றான்.

"உங்களோடது எப்படி?"

"குழாயைச் சரி பண்ணியிருந்தா அவ அங்கே வந்து பேசியிருக்க மாட்டாளே!"

"சிரிக்காதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

அவன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். குழாயையும் சரிசெய்தான், விஷயத்தையும் சொல்லிவிட்டான். அடுத்த நிமிடம் மாடிப்படியில் நாத்தனாரின் குரல் இறங்கியது.

"அண்ணி! எனக்கா தண்ணி? ஊருக்கெல்லாம் மருந்து, சொந்த நாத்தனாருக்குத் தண்ணியா?"

"உனக்குத்தான்னு யாரு சொன்னா? பத்துப் பேர்ல ஒருத்தருக்கு!"

"எனக்குத்தான். எனக்குத் தெரியும். குத்தினப்பவே ஜில்லுன்னு இருந்துச்சு."

மறுநாள் அவள்தான் முதல் ஆளாக வந்து இரண்டாவது மேசையில் உட்கார்ந்தாள். மருந்தாளர் ஊசியை எடுத்தபோது கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "நீங்க வேணாம் அண்ணி. அந்த உயரமான தம்பி போடட்டும்." முகாம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள்.

நெட்டை தூளைக் கரைத்தான். ஊசியைத் தூக்கிப் பிடித்தான். அவன் உயரத்துக்கு அது விளக்கையே தொட்டது. "மஞ்சள்" என்றான். பஞ்சைக் கீழே போட்டு, குனிந்து தேடி, புதுசு எடுத்து, அதையும் போட்டு, ஒருவழியாகக் குத்தினான். கண் திறந்தே இருந்தது. ரத்தம் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

பத்துப் பேரும் வந்து போட்டுக்கொண்டுபோன பிறகு, விஷயம் முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். அறிக்கை எழுதினாள். காரணம்: கவனக்குறைவு. செய்தவர்: நான். அனுப்பிய மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்து திரும்பி வந்தது. செய்தவர் என்ற இடத்தில் மாணவர் எண் இல்லையாம். மறுபடி எழுதி அனுப்பினாள். மறுபடி வந்தது. மூன்றாவது முறை எழுத்தருக்கே போன் செய்தாள்.

"மேடம், கம்ப்யூட்டர்ல மாணவர் எண் இல்லாம அடுத்த பக்கம் போகாது. யாராவது ஒரு பையன் எண்ணைப் போட்டுடுங்க. ஒண்ணும் ஆகாது."

"அந்தப் பையன் பேர்ல இது காலத்துக்கும் இருக்குமே?"

"இருக்கும். ஆனா யாரு பார்க்கப் போறா?"

அவள் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிப் போனாள். எழுத்தர் மேசை முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சரியாக ஏறும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றாள். எழுத்தர் கெஞ்சிப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரியும் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் இருவரும் தலையைச் சேர்த்து வைத்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மருந்தாளரையே அந்த மூவர் பிரிவின் நான்காவது மாணவராகச் சேர்த்து, ஓர் எண் கொடுத்து, அறிக்கையை ஏற்றினார்கள். அது ஏறியது. கூடவே இன்னொன்றும் ஏறியது. மாணவர் என்றால் பதினைந்து ஊசியை ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கப் போட வேண்டும். இல்லாவிட்டால் மொத்தப் பிரிவுக்கும் சான்றிதழ் வராது.

"இதை நீக்க முடியாதா?"

"சேர்க்கத்தான் மேடம் தெரியும். நீக்கத் தெரியாது."

முகாமுக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது சிஸ்டர் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் சிஸ்டர் வேலையில் விளையாட மாட்டார். மறுநாளே அவளைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆரம்பித்தார். தோள் எலும்பிலிருந்து எத்தனை விரல் என்று கேட்டார். பஞ்சு எங்கே என்று கேட்டார். நான்காவது ஊசியில், "அவசரப்படாதீங்க, பஸ்ஸா போயிடும்?" என்றார். மூன்று மாணவர்களும் தங்கள் மேசையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். ஒன்பதாவதில் ஊசியின் கோணம் சரியில்லை என்று சிஸ்டர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மருந்தாளர் பல்லைக் கடித்துக்கொண்டு பதினாறாகப் போட்டாள்.

ஆறு வாரம் முடிந்தது. மூவரும் தேறினார்கள். நெட்டை இன்னொரு முறை விழுந்தான், ஆனால் ஊசியைப் பத்திரமாகப் பெட்டியில் போட்ட பிறகுதான் விழுந்தான். அவளுடைய மதிப்பெண் பட்டியல் தபாலில் வீட்டுக்கு வந்தது. கணவன்தான் பிரித்துப் படித்தான். கலப்பது நன்று, பதிவேடு மிக நன்று, முடிவு தேர்ச்சி. அடியில் சிஸ்டர் தன் கையாலேயே ஒரு வரி எழுதியிருந்தார்: 'ஊசி போட வருபவர்களிடம் பேசும் முறையை இன்னும் கொஞ்சம் மேம்படுத்திக்கொள்ளலாம்.'

"சரியாத்தானே எழுதியிருக்காங்க?" என்றான் கணவன்.

அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கல்லூரி எழுத்தர் போன் செய்து, அடுத்த பிரிவில் ஐந்து மாணவர்கள் என்றார். மருந்தாளர் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டி முடித்து மூச்சு வாங்கியபின், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டாள்.